அகமதாபாத் ஜும்மா மசூதியும் கல்தச்சர் கைவேலையும்

அகமதாபாத் மாணிக் சௌக் என்றால் நம்மவர்களுக்கு நகைக்கடையும் இராத்திரித் தின்பண்டக் கடையும்தான் ஞாபகம் வரும். அந்தச் சந்தடியை ஒட்டியே, ஆட்டோவும் கைவண்டியும் முட்டிக்கொள்ளும் காந்தி சாலையில் ஜும்மா மசூதி இருக்கிறது. தினமும் அதைத் தாண்டிப் போனாலும் உள்ளே போய்ப் பார்த்த தமிழர்கள் குறைவு. கோயில் மண்டபம் பார்த்து வளர்ந்த நம் கண்ணுக்கு அங்கே விஷயம் நிறைய உண்டு.

சுல்தான் முதலாம் அகமது ஷா 1411-இல் இந்நகரை நிறுவினார். பத்ரா கோட்டைக்குப் பக்கத்தில் 1414-இல் ஒரு மசூதி எழுந்தது. பத்து ஆண்டு கழித்து, 1424-இல், ஊரார் எல்லாரும் கூடித் தொழ ஜும்மா மசூதி எழுந்தது. பத்ராவிலிருந்து தீன் தர்வாஜா என்ற மூன்று வாசல் வழியாக நடந்தே வந்துவிடலாம். இரண்டையும் இந்த வரிசையில் பார்த்தால்தான் சங்கதி விளங்கும்.

முதல் மசூதியில் பழைய கோயில் தூண்களையே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு தூணில் சமஸ்கிருதக் கல்வெட்டுகூட உண்டு. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஜும்மா மசூதியின் வேலை பெரும்பாலும் அதற்கென்றே புதிதாகச் செதுக்கியது. முன்னதில் கல்லை எடுத்துக்கொண்டார்கள். பின்னதில் கல்தச்சரையே அமர்த்திக்கொண்டார்கள். சோலங்கி அரசர் காலந்தொட்டு இந்து, சமணக் கோயில்களைக் கட்டிப் பழகிய பரம்பரை அது.

உள்ளே 260 தூண்கள். மேலே 15 கும்மட்டங்கள். தூண்களை எண்கோணமாக நிறுத்தி, உத்தரம் ஏற்றி, கல் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளே நீட்டி நீட்டி அடுக்கிக் குவித்திருக்கிறார்கள். அபு மலையில் 1031-இல் எழுந்த விமல வசதியின் விதானமும் இந்த முறைதான். நடுப்பகுதியை மட்டும் உயர்த்திப் பக்கங்களில் கல் ஜன்னல் வைத்ததால் வெளிச்சம் வரும், வெயில் வராது.

முகப்பில் இரு மினார்களின் அடிப்பாகத்தை நின்று பாருங்கள். மேற்பாகம் 1819 பூகம்பத்தில் விழுந்துவிட்டது. மிஞ்சிய அடிப்பாகம் நம் கோயில் அதிஷ்டானம் போலவே படிப்படியாக வரும். அதில் மாடங்களும் உண்டு. கோயிலானால் அந்த மாடத்தில் தெய்வ உருவம் நிற்கும். இங்கே கொடியும் பூவும் நிற்கின்றன. இஸ்லாத்தின் விதிக்கு உருவம் ஆகாது. தச்சன் உருவத்தை விட்டான், மாடத்தை விடவில்லை.

நடு வாசல் அருகே ஒரு கருங்கல் பலகை பதிந்திருக்கிறது. அது ஏதோ சமண விக்கிரகத்தின் பீடம் என்று சொல்லுவாங்க. சமணனான என்னிடமும் சிலர் அதைச் சொல்லி, "உமக்குக் கோபம் வரலையா?" என்று கேட்டதுண்டு. அது காதுவழி வந்த பேச்சு. பேச்சை வைத்து வழக்காட முடியாது. ஒரு பொருளைப் பல பக்கமிருந்து பார் என்பதே எங்கள் அநேகாந்த வாதம். 1414-இன் தூணும் உண்மை, 1424-இன் உளிவேலையும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை விழுங்கினால் கணக்கு நேராகாது.

அந்த உளி அதோடு நின்றுவிடவும் இல்லை. தில்லி தர்வாஜாவுக்கு வெளியே 1848-இல் எழுந்த ஹதீசிங் சமணக் கோயிலில், தருமநாதர் சந்நிதியைச் சுற்றி அதே வகைத் தூணையும் குவிந்த விதானத்தையும் காணலாம். ஒரே நாளில் மூன்றையும் பார்க்கலாம்.

போகிறவர்கள் காலையில் போங்கள். தொழுகை நேரத்தையும் வெள்ளிக்கிழமை மதியத்தையும் தவிர்ப்பது மரியாதை. செருப்பை வாசலில் விட்டு, உடம்பு மறைய உடுத்தி, படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போங்க. மாடத்தைக் காட்டி, இதில் என்ன இல்லை என்று முதலில் அவர்களையே சொல்லவிடுங்கள்.