நத்தையும் நட்சத்திரமும்



பொருள் தேடிக் கடல் கடந்தோரைப் பற்றிப் பேசும்போது மருத்துவரையும் பொறியியலாளரையும் நாம் பெருமையுடன் குறிப்பிடுகின்றோம். சமையற்காரர் ஒருவரை அவ்வரிசையில் வைத்து எண்ணும் வழக்கம் நம்மிடம் அரிது. அடுப்படி வேலைதானே என்று அத்தொழிலை ஒதுக்கிவிடுகின்றோம். ஆயினும், தமிழ்நாட்டில் திண்டுக்கல் மாவட்டத்து நத்தத்தைச் சேர்ந்த ஒருவர், 2025ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்துச் சிறந்த சமையற்கலைஞர் என்னும் பரிசைப் பெற்றார். அவர் பெயர் விஜய்குமார். அவ்விடத்தை அவர் எவ்வழியாக அடைந்தார் என்பதையும், அதற்கு அவருக்குத் துணைநின்றது எது என்பதையும் இங்கே சிறிது ஆராய்வோம்.

உயர்தர உணவுச்சாலையொன்றின் சமையற்கட்டு ஒரு படைப்பிரிவைப் போல் அமைந்தது. இவ்வமைப்பை ஒழுங்குபடுத்தியவர், 1890ஆம் ஆண்டு முதல் இலண்டன் சவோய் ஹோட்டலில் பணியாற்றிய பிரெஞ்சுக்காரரான எஸ்கொபியே என்பவர். குழம்புக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், பொரியலுக்கு ஒருவர், இனிப்புக்கு ஒருவர் எனப் பகுதிதோறும் பொறுப்பாளர் இருப்பர். அவர்களுக்குக் கீழே உதவியாளரும், மேலே துணைத் தலைவரும், எல்லோர்க்கும் மேலாகத் தலைமைச் சமையற்கலைஞரும் இருப்பர். புதிதாகச் சேர்பவர் வெங்காயம் உரித்தும் மீன் ஆய்ந்தும் தொடங்கிப் படிப்படியாகவே ஏறவேண்டும்.

விஜய்குமார் பொறியியல் கற்கவே விரும்பினார். குடும்பத்தின் பொருள்நிலை அதற்கு இடந்தரவில்லை. எனவே சமையற்கலைக் கல்லூரியிற் சேர்ந்தார். பின்னர்ச் சென்னையிலுள்ள கன்னிமாரா ஹோட்டலிலும், அதன்பின் உல்லாசப் பிரயாணக் கப்பலிலும் பணியாற்றினார். இந்தியச் சமையற்கலைஞர் பலர் வெளிநாடு செல்லும் வழி இதுவே. கப்பற் சமையற்கட்டில் இடம் குறைவு. உண்போர் தொகையோ பெரிது. குறித்த நேரத்திற் குறித்த தரத்தில் உணவு வெளிவரவேண்டும். அங்கே பயின்ற கை எங்கும் பிழைத்துக்கொள்ளும். அப்பயிற்சியுடன் அவர் அமெரிக்காவின் கலிபோர்ணியாவை அடைந்தார். அங்கே அவர் தலைமை வகித்த 'ரசா' என்னும் உணவுச்சாலை மிச்சலின் நட்சத்திரம் பெற்றது.

அந்நட்சத்திரம் யாது? மிச்சலின் என்பது மோட்டார் வண்டிகளுக்கு டயர் செய்யும் பிரெஞ்சுக் கம்பனி. 1900ஆம் ஆண்டில் அது வண்டியோட்டிகளுக்கென ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டது. 1926ஆம் ஆண்டு முதல் அந்நூல் சிறந்த உணவுச்சாலைகளுக்கு நட்சத்திரக் குறியிட்டு வருகின்றது. ஒன்று பெறுவது சிறப்பு. மூன்று பெறுவது உச்சம். சோதனையாளர் தம்மை இன்னாரென்று காட்டாது வந்து, உண்டு, பணங்கொடுத்துச் செல்வர். நட்சத்திரம் ஆளுக்கன்றி உணவுச்சாலைக்கே உரியது. அடுத்த பதிப்பிற் பறிபோகவுங்கூடும்.

இந்தியச் சமையல் இம்மதிப்பைப் பெறுவதற்கு நெடுங்காலம் சென்றது. 2001ஆம் ஆண்டிலேதான் இலண்டன் மாநகரில் அதுல் கோச்சரும் வினீத் பாட்டியாவும் தலைமை வகித்த உணவுச்சாலைகள் முதன்முதலாக நட்சத்திரம் பெற்றன. அதுவரை இந்திய உணவென்றால் மலிவான உணவு என்பதே மேனாட்டார் எண்ணம். அவ்விருவரும் இந்தியச் சுவைகளை மேனாட்டு முறையில் தட்டுத்தட்டாக அழகுறப் பரிமாறி அவ்வெண்ணத்தை மாற்றினர். அது சிறந்த பணியே. ஆயினும் மற்றொரு குறை எஞ்சியிருந்தது. 1947ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப் பின் தில்லிக்கு வந்தவர்கள் பரப்பிய தந்தூரிக் கோழியும், வெண்ணெயிட்ட கோழிக் குழம்புமே வெளிநாடுகளில் இந்திய உணவு என நிலைபெற்றுவிட்டன. தென்னாட்டு வீடுகளில் நாள்தோறும் உண்ணப்படுவது இன்னதென்று அங்கே அறிந்தவர் சிலரே.

இங்கேதான் நத்தை நம் கதைக்குள் வருகின்றது. விஜய்குமார் சிறுவயதிற் குடும்பத்தாருடன் நெல்வயல்களில் நத்தை பொறுக்கியவர். வீட்டில் அது சுவையான கறியாகும். ஆனால் நத்தை உண்பதைப் பள்ளித் தோழரிடம் சொல்ல அவர் வெட்கப்பட்டார். அது வறியோர் உணவு என்று பிறர் எள்ளுவர் என்னும் அச்சம். பின்னர்ச் சமையற்கலைக் கல்லூரியிலே, பிரெஞ்சுக்காரர் நத்தையை உயர்ந்த விருந்துப் பண்டமாக வைத்துப் போற்றுகின்றனர் என்று கற்றபோது அவர் வியப்புற்றார். உயிரினம் ஒன்றே. ஓரிடத்தில் அது இழிவு. மற்றோரிடத்தில் அது செல்வம். இவ்வேறுபாடு நாவினால் வந்ததன்று. உண்பவரின் நிலையைக்கொண்டு உணவை அளக்கும் மனத்தினால் வந்தது.

2021ஆம் ஆண்டில் ரோனி மசும்தார், சிந்தன் பாண்டியா என்னும் இருவருடன் சேர்ந்து நியூயோர்க்கில் ஓர் உணவுச்சாலையைத் தொடங்கினார். அதற்கு இட்ட பெயர் 'செம்ம'. மிக நன்று என்பதற்குத் தமிழ்நாட்டு இளைஞர் வழங்கும் சொல் அது. உணவுப் பட்டியலில் வெண்ணெய்க் கோழி இல்லை. குடல் வறுவல், ஆட்டுக்கறிச் சுக்கா, திண்டுக்கல் பிரியாணி என்னும் பெயர்கள் தமிழாகவே நின்றன. அவற்றுள் ஒன்று நத்தைப் பிரட்டல்: இஞ்சியும் புளியும் சேர்த்துப் பிரட்டி, கல்தோசையுடன் பரிமாறப்படுவது. அந்நியர் நாவுக்கென்று காரம் குறைக்கப்படவில்லை. 2022ஆம் ஆண்டில் அவ்வுணவுச்சாலைக்கு மிச்சலின் நட்சத்திரம் கிடைத்தது.

2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் சிக்காகோ நகரில் ஜேம்ஸ் பியர்ட் பரிசு வழங்கப்பட்டது. அமெரிக்காவின் புகழ்பெற்ற சமையற்கலைஞரும் எழுத்தாளருமான ஒருவரின் பெயரால் வழங்கும் பரிசு அது. விஜய்குமார் வேட்டியுடுத்து மேடையேறினார். தமிழ்நாட்டிலிருந்து வந்த கரிய நிறத்துச் சிறுவன் ஒருவன் அத்தகைய மண்டபத்தை அடைவான் எனத் தாம் எண்ணியதில்லை என்றும், ஏழை உணவு, செல்வர் உணவு என்று இரண்டில்லை என்றும் அவர் கூறினார்.

இவ்வரலாற்றில் நாம் கருதவேண்டிய செய்தி ஒன்றுண்டு. கத்தி பிடிக்கவும், அளவறிந்து சமைக்கவும், பலரை ஏவி வேலை கொள்ளவும் கல்லூரியும் ஹோட்டலும் கப்பலும் அவருக்குக் கற்பித்தன. அவை ஆயிரவர்க்குக் கிடைக்கும் கல்வி. ஆனால் நியூயோர்க் மக்கள் தேடிவந்து உண்டது, எந்தப் பாடநூலிலும் இல்லாத, வீட்டுப் பெண்கள் கைப்பக்குவமாகவே காத்துவந்த சமையலை. அவர்கள் பெயர் எந்தப் பரிசேட்டிலும் இடம்பெறுவதில்லை. பள்ளிப்பருவத்து வெட்கம் வென்றிருந்தால், அச்சிறுவன் நல்லதொரு தொழிலாளியாகக் கடல் கடந்திருப்பான். ஆனாற் கொண்டுசெல்வதற்கென்று தனக்குரியது ஒன்றும் அவனிடம் இருந்திராது. விருந்தினர் வருகின்றார் என்றதும் நாம் மறைத்துவைக்கும் சட்டியில் என்ன இருக்கின்றது என்பதை, ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொள்வது நலம்.