"என்ர வாக்கு எங்க போகும், தம்பி?"

2025 ஏப்ரல் 28, திங்கட்கிழமை. ஸ்காபரோவில் ஒரு பாடசாலையின் விளையாட்டுக் கூடம்தான் எங்கள் வாக்குச்சாவடி. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாவுக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். குளிர் முழுதாக விடாத காலம். சேலைக்கு மேல் தடித்த ஜாக்கெட். கையில் வாக்காளர் அட்டையைப் பத்திரமாகப் பிடித்திருந்தார்.

"தம்பி, இஞ்ச விருப்பு இலக்கம் போட இடமில்லையோ? ஊரில கட்சிக்கும் புள்ளடி போட்டு, மூண்டு பேருக்கு விருப்பு வாக்கும் போடுவமே."

"இல்லையம்மா. இஞ்ச ஒரே ஒரு புள்ளடிதான். ஒரு ஆளுக்குத்தான்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப நான் போடுற ஆள் தோத்தால், என்ர வாக்கு எங்க போகும், தம்பி?"

அதற்குள் அவருடைய முறை வந்துவிட்டது. மடித்த சீட்டை வாங்கிக்கொண்டு அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போனார். கறுப்புச் சீட்டு, வெள்ளை வட்டங்கள், கட்டைப் பென்சில். நான் பதில் சொல்லவில்லை. ஆனால் பதில் எனக்குத் தெரியும். எங்கும் போகாது அம்மா. எண்ணுவார்கள், எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். நாடாளுமன்றத்தில் ஓர் ஆசனத்தின் கால்வாசியைக்கூட அது அசைக்காது.

ஒரே அளவு வாக்கு, மூன்று மடங்கு ஆசனம்

கனடா 343 தொகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் யார் முந்துகிறாரோ அவரே வென்றவர். பாதிப் பேரின் ஆதரவு தேவையில்லை. நான்கைந்து பேர் போட்டியிட்டால் 35 சதவீதமே போதும். மற்ற 65 சதவீதம் பேருக்கு அந்தத் தேர்தலில் கணக்கு அங்கேயே முடிந்தது.

2025 தேர்தலின் இறுதி முடிவைப் பாருங்கள். புதிய ஜனநாயகக் கட்சிக்கும் புளொக் கியூபெக்குவா கட்சிக்கும் ஏறத்தாழ ஒரே அளவு வாக்கு: தலா 6.3 சதவீதம், தலா 12 இலட்சத்துக்கு மேல். புளொக்குக்கு 22 ஆசனங்கள். புதிய ஜனநாயகக் கட்சிக்கு 7. ஒரு கட்சியின் ஆதரவாளர்கள் கியூபெக் என்ற ஒரே மாகாணத்தில் நெருக்கமாக வாழ்கிறார்கள். மற்றதன் ஆதரவாளர்கள் நாடெங்கும் சிதறி வாழ்கிறார்கள். எங்கே வீடு வாங்கினாய் என்பதை வைத்துக் குடிமகனின் குரலுக்கு விலை போடுகிறது இந்த முறை.

இது ஒரு தடவை நடந்த விபத்து அல்ல. 2019இலும் 2021இலும் அதிக வாக்கு எடுத்தது கன்சர்வேட்டிவ் கட்சி. ஆட்சியில் இருந்தது லிபரல் கட்சி. 2021இல் மக்கள் கட்சிக்கு எட்டு இலட்சம் பேருக்கு மேல் வாக்களித்தார்கள். ஓர் ஆசனமும் இல்லை. அந்தக் கட்சியின் கொள்கை எதுவும் எனக்கு உவப்பானதல்ல. ஆனால் அந்த எட்டு இலட்சம் பேரும் குடிமக்கள். அவர்களோடு வாதாட வேண்டிய இடம் நாடாளுமன்றம். வாசலிலேயே நிறுத்திவைப்பது வாதம் ஆகாது.

மாகாணங்களில் நிலைமை இன்னும் மோசம். 2025 பெப்ரவரியில் ஒன்ராறியோவில் 30 சதவீத வாக்கு எடுத்த லிபரல் கட்சிக்கு 14 ஆசனங்கள். 20 சதவீதத்தையும் எட்டாத புதிய ஜனநாயகக் கட்சிக்கு 27. 1987இல் நியூ பிரன்சுவிக்கில் 60 சதவீத வாக்கோடு லிபரல் கட்சி 58 ஆசனங்களையும் அள்ளியது. ஐந்து பேரில் இருவர் மறுத்து வாக்களித்த ஒரு சபையில், எழுந்து ஒரு கேள்வி கேட்க எதிர்க்கட்சியில் ஒருவர்கூட இல்லை.

பயத்துக்குப் போடும் வாக்கு

வாக்கு வீணாவது பாதி நோய்தான். மீதி நோய் வாக்குச்சாவடிக்கு வரும் முன்பே தொடங்கிவிடுகிறது. தேர்தல் காலத்தில் கதவைத் தட்டுகிறவர்கள் சொல்லும் வசனம் ஸ்காபரோவில் எல்லோருக்கும் மனப்பாடம்: "அவருக்குப் போட்டால் வீணாய்ப் போயிடும். மற்றவர் வந்திடுவார். எங்களுக்குப் போடுங்கோ." தங்கள் கொள்கையைச் சொல்லி வாக்குக் கேட்கத் தேவையில்லை, எதிரியைக் காட்டிப் பயமுறுத்தினால் போதும். விரும்புகிறவரை விட்டுவிட்டு, வெறுக்கிறவரைத் தடுக்க வாக்களிப்பது நமக்குப் பழகிவிட்டது. 2025இல் புதிய ஜனநாயகக் கட்சி சரிந்ததற்கு இந்தப் பயம் ஒரு பெரிய காரணம்.

நாட்டின் ஒற்றுமையும் இதில் அடிபடுகிறது. 2019இல் அல்பேர்ட்டாவிலும் சஸ்காச்சுவானிலும் இருந்த 48 ஆசனங்களில் 47 கன்சர்வேட்டிவுக்கு. ஆளும் லிபரலுக்கு ஒன்றுமில்லை. அதே நாளில் ரொறன்ரோ நகரின் 25 ஆசனங்களும் லிபரலுக்கு. அல்பேர்ட்டாவில் லிபரல்களும் இருக்கிறார்கள், ரொறன்ரோவில் கன்சர்வேட்டிவ்களும் இருக்கிறார்கள். தேர்தல் வரைபடம் அவர்களை அழித்துவிடுகிறது. மேற்கு ஒரு நிறம், நகரம் ஒரு நிறம் என்று காட்டிக் காட்டியே ஒருவரை ஒருவர் அந்நியராகப் பார்க்கப் பழக்கிவிட்டார்கள்.

கொடுத்த வாக்கும் கைவிட்ட கதையும்

2015 ஜூனில் ஜஸ்டின் ட்ரூடோ நாட்டுக்கு ஒரு வாக்குறுதி கொடுத்தார்: இந்த முறையில் நடக்கும் கடைசித் தேர்தல் 2015 தேர்தலாகவே இருக்கும். நம்பினோம். 39.5 சதவீத வாக்கில் 338இல் 184 ஆசனங்கள் அவருக்குக் கிடைத்தன. எல்லாக் கட்சிகளும் இருந்த 12 பேர் குழு நாடெங்கும் சென்று மக்களைக் கேட்டது. 2016 டிசம்பரில் விகிதாசார முறையையும் அதற்கொரு சர்வசன வாக்கெடுப்பையும் பரிந்துரைத்தது. இரண்டே மாதத்தில், 2017 பெப்ரவரி 1ஆம் தேதி, ஒருமித்த கருத்து இல்லை என்று சொல்லி அரசாங்கம் கையை விரித்தது.

2025 ஜனவரி 6ஆம் தேதி பதவி விலகலை அறிவித்தபோது, தேர்தல் முறையை மாற்றாதது தனக்கொரு வருத்தம் என்று அவரே சொன்னார். மாற்றும் பலம் கையில் இருந்த காலத்தில் வராத வருத்தம், வாசற்படியில் வந்தது. அதிலும் அவர் பேசியது ஒரே சீட்டில் இரண்டாம், மூன்றாம் தெரிவைக் குறிக்கும் முறையைப் பற்றி; குழு சொன்ன விகிதாசாரத்தைப் பற்றி அல்ல.

நோயின் வேர் இதுதான். பழைய முறையில் வென்றவர்களிடமே அதை மாற்றும் சாவி இருக்கிறது. 2018இல் ஒன்ராறியோவின் லண்டன் நகரம் விருப்பு வரிசை முறையில் மாநகர சபைத் தேர்தலை நடத்திக் காட்டியது. 2020இல் மாகாண அரசாங்கம் அந்த உரிமையை எல்லா மாநகர சபைகளிடமிருந்தும் பறித்தது. அதே அரசாங்கம் 2018இல், தேர்தல் பிரசாரம் நடந்துகொண்டிருக்கும்போதே, ரொறன்ரோ மாநகர சபையை 47 உறுப்பினரிலிருந்து 25 ஆகக் குறைத்தது. அந்த அரசாங்கத்துக்கு மக்கள் கொடுத்திருந்த வாக்கு 40.5 சதவீதம்.

நாங்கள் ஏற்கெனவே கண்ட காட்சி

ஊதிப்பெருத்த பெரும்பான்மை என்ன செய்யும் என்று எங்கள் தலைமுறைக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1956இல் இலங்கையில் ஏறத்தாழ 40 சதவீத வாக்கில் 95இல் 51 ஆசனங்களைப் பிடித்த கூட்டணிதான் தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1977இல் பாதியைச் சற்றுத் தாண்டிய வாக்கில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 168இல் 140 ஆசனங்கள். 30 சதவீத வாக்கெடுத்த சுதந்திரக் கட்சிக்கு 8. 18 ஆசனங்கள் எடுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி எதிர்க்கட்சியானது. அந்த ஆறில் ஐந்து பங்குப் பலத்தில் யாப்பே மாறியது. 1982இல் தேர்தலே நடத்தாமல் நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டவும் முடிந்தது.

கனடாவில் நீதிமன்றங்கள் உண்டு, உரிமைச் சாசனம் உண்டு; இரண்டு நாடுகளும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆனால் வாக்கை ஆசனமாக்கும் எந்திரம் அன்றைய இலங்கையிலும் இங்கேயும் ஒன்றேதான். 1993இல் இங்கே நடந்ததைப் பாருங்கள். ஆளும் முற்போக்குக் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 16 சதவீத வாக்கு, 2 ஆசனங்கள். அதைவிடக் குறைவாக 13.5 சதவீதம் எடுத்த புளொக்குக்கு 54 ஆசனங்கள், எதிர்க்கட்சி அந்தஸ்து. 1977ஐ மறக்காதவர்களுக்கு அந்த முடிவு எங்கேயோ பார்த்த முகமாகத்தான் இருந்தது.

மறுப்புகளுக்கு மறுமொழி

"விகிதாசாரம் வந்து இலங்கை என்ன கண்டது?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பெரிய மாவட்டங்கள், ஒரே கட்சிக்காரர் விருப்பு வாக்குக்கு அடிபடுவது, என் உறுப்பினர் யார் என்றே தெரியாத நிலை: இவை உண்மை. அதனால்தான் நான் கேட்பது கலப்பு முறை. தொகுதிக்கு ஓர் உறுப்பினர் இருப்பார். வாக்குக்கும் ஆசனத்துக்கும் விழும் இடைவெளியைப் பட்டியல் உறுப்பினர்கள் நிரப்புவார்கள். நியூசிலாந்து இப்படித்தான் நடத்துகிறது; ஜெர்மனியின் முறையும் இதே வகைதான். 5 சதவீதத்துக்குக் குறைந்த கட்சிகளுக்குப் பொதுவாகப் பட்டியலில் பங்கில்லை என்ற தடுப்பும் அங்கே உண்டு.

"கூட்டணி ஆட்சி நிலைக்காது, வேலை நடக்காது" என்பது அடுத்த மறுப்பு. கனடாவின் சொந்த வரலாறே அதற்குப் பதில். லெஸ்டர் பியர்சனுக்கு 1963இலும் 1965இலும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. மற்றக் கட்சிகளின் ஆதரவைத் தேடித் தேடியே ஆண்டார். மேப்பிள் இலைக் கொடியும், கனடா ஓய்வூதியத் திட்டமும், பொது மருத்துவக் காப்புறுதிச் சட்டமும் அந்தச் சிறுபான்மை அரசாங்கத்தின் கொடைகள். 2022இல் இரண்டு கட்சிகள் செய்த உடன்பாட்டால்தான் இன்று வயதானவர்கள் பலர் பல் வைத்தியரிடம் போகிறார்கள்.

"மக்களே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களே" என்பது மூன்றாவது. ஒன்ராறியோ 2007இல் மறுத்தது, பிரிட்டிஷ் கொலம்பியா 2018இல் மறுத்தது, உண்மை. ஆனால் அதே பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2005இல் 57.7 சதவீதம் பேர் மாற்றத்துக்கு ஆம் என்றார்கள். 60 சதவீதம் வேண்டும் என்று கோடு போட்டதால் அது தோல்வி என்று அறிவிக்கப்பட்டது. 40 சதவீதத்தில் நாட்டையே ஆளலாம், 57.7 சதவீதத்தில் தேர்தல் முறையை மாற்றக்கூடாதா?

வழி இருக்கிறது

2005 வாக்கெடுப்புக்கு வித்திட்டவர்கள் கட்சிக்காரர்கள் அல்லர். வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுக்கப்பட்ட 160 சாதாரண மக்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஓர் ஆண், ஒரு பெண். கூடவே முதல்குடி மக்களில் இருவர். மாதக்கணக்கில் படித்தார்கள், கேட்டார்கள், முடிவெடுத்தார்கள். அதுபோன்ற குடிமக்கள் பேரவை ஒன்றைத் தேசிய அளவில் அமைக்கக் கோரிய தீர்மானம் 2024 பெப்ரவரியில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. 101 பேர் ஆதரித்தார்கள். 220 பேர் எதிர்த்தார்கள்.

தேர்தல் முறை மீதான கோபம் வாக்குச்சீட்டிலேயே தெரிந்தது. அரசியல்வாதிகளிடமிருந்து இந்த முடிவைப் பிடுங்க வேண்டும் என்று கோரிய ஒரு குழு, ஒரே தொகுதியில் வேட்பாளர்களைக் குவித்தது. 2025இல் ஒட்டாவாவின் கார்ல்டன் தொகுதியில் 91 பெயர்கள். சீட்டின் நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர். வயதானவர்களும் கண்பார்வை குறைந்தவர்களும் அதை விரித்துப் பிடித்துத் தேடிப் படும் பாட்டை நினைத்தால் அந்த வழியை ஏற்க முடியவில்லை. ஆனால் அவர்கள் சுட்டிக் காட்டிய புண் உண்மையானது.

நான் சொல்வது இதுதான். குலுக்கலில் எடுத்த குடிமக்கள் பேரவை ஒரு முறையை வகுக்கட்டும். அந்த முறையில் இரண்டு தேர்தல்கள் நடக்கட்டும். பிறகு மக்களைக் கேளுங்கள், பழையது வேண்டுமா புதியது வேண்டுமா என்று. நியூசிலாந்து மக்கள் 1996 முதல் கலப்பு முறையில் வாக்களித்துப் பார்த்துவிட்டு, 2011இல் 57.8 சதவீதம் பேர் அதையே வைத்துக்கொண்டார்கள். தெரியாத ஒன்றுக்கு மக்கள் அஞ்சுவது இயல்பு. பழகிய பிறகு கேட்பதே நேர்மை.

அதே 2025 தேர்தலில் கியூபெக்கின் தெரபோன் தொகுதியில் மீள்வாக்கெண்ணிக்கையின் முடிவு ஒரே ஒரு வாக்கு வித்தியாசம். தேர்தல் அலுவலகம் உறையில் அச்சிட்ட முகவரிப் பிழையால் ஒருவருடைய தபால் வாக்கு திரும்பிவந்தது தெரிந்ததும் நாடே பேசியது, நீதிமன்றம் வரை போனது. ஒரு வாக்கு தொலைந்ததற்கு அவ்வளவு துடித்தோம், துடிக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு தேர்தலிலும் இலட்சக்கணக்கில் தொலைவதற்கு ஏன் துடிக்கவில்லை?

அடுத்த தேர்தலுக்கு யாராவது உங்கள் கதவைத் தட்டும்போது, வரியையும் வீட்டு விலையையும் கேளுங்கள். அதோடு அந்த அம்மாவின் கேள்வியையும் கேளுங்கள்: நீங்கள் தோற்றால் என் வாக்கு எங்கே போகும்? குடிமக்கள் பேரவைக்கு ஆதரவாகக் கையுயர்த்துவேன் என்று உறுதி தராதவருக்கு உங்கள் புள்ளடியைக் கொடுக்காதீர்கள்.