பெயர் இல்லாத இசைத்தட்டு

1971-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 8-ஆம் நாள் ஓர் இசைத்தட்டு விற்பனைக்கு வந்தது. அதன் உறையில் பாடியவர்களின் பெயர் இல்லை. தட்டின் பெயரும் இல்லை. காகிதம் உரிந்த ஒரு பாழ்வீட்டுச் சுவரில் ஒரு படம் மாட்டப்பட்டிருக்கிறது. அந்தப் படத்திலே, முதுகில் பெரிய சுள்ளிக்கட்டைச் சுமந்துகொண்டு, கூன் விழுந்த முதியவர் ஒருவர் கோலூன்றி நிற்கிறார். உறையைத் திருப்பினால் இடிந்த வீடும், தூரத்தில் ஒரு மாடிக் குடியிருப்பும் தெரிகின்றன. அவ்வளவுதான். கடைக்காரர் எதைச் சொல்லி விற்பார்? வாங்க வருபவர் எதைச் சொல்லிக் கேட்பார்?

ஆயினும் அந்தத் தட்டு அமெரிக்காவில் மட்டும் 2 கோடியே 30 லட்சத்துக்கு மேல் விற்றுவிட்டது. லெட் ஸெப்பெலின் என்னும் ஆங்கிலேயக் குழுவினரின் நான்காம் தட்டு அது. ஆகவே ரசிகர்கள் அதனை 'நான்கு' என்றே அழைத்து வருகின்றனர்.

ஆண்டு மலருக்காக இதைப் பற்றி எழுதப் போகிறோம் என்றதும், எங்களுள் ஒருத்தியின் சித்தப்பா, "அது பிசாசின் பாட்டு ஆயிற்றே! கன்னியர் பள்ளியிலே இதெல்லாம் எழுத விடுகிறார்களா?" என்று கேட்டார். எங்கள் வகுப்புச் சிஸ்டரோ, "முதலில் கேளுங்கள், பிறகு எழுதுங்கள்" என்று மட்டும் சொன்னார்கள். கேட்டோம். ஏறத்தாழ 43 நிமிடங்கள், எட்டுப் பாடல்கள். முதல் பாட்டு முடிவதற்குள்ளேயே எங்களில் இருவர் காதைப் பொத்திக்கொண்டது உண்மை.

ஹார்ட் ராக் என்னும் இவ்வகை இசை 1960-களின் கடைசியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உருவாயிற்று. அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் பாடல்களை எடுத்து, மின்சாரக் கிட்டாரின் ஒலியைக் கனக்கச் செய்து, டிரம்ஸை ஓங்கி முழக்கி, குரலை உச்சத்துக்கு ஏற்றிப் பாடுவது இதன் வழக்கம். லெட் ஸெப்பெலின் குழுவில் நால்வர். கிட்டார் ஜிம்மி பேஜ்; பாட்டு ராபர்ட் பிளாண்ட்; பேஸ் கிட்டாரும் கீபோர்டும் ஜான் பால் ஜோன்ஸ்; டிரம்ஸ் ஜான் பான்ஹம். தட்டு வெளிவந்தபோது பிளாண்டுக்கும் பான்ஹமுக்கும் வயது 23 தான்.

பெயரை ஏன் மறைத்தார்கள்? விமரிசகர்களின் மேல் கொண்ட மனத்தாங்கலே காரணம். 1969-இல் இவர்களுடைய முதல் தட்டு வந்தபோது, அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையில் ஜான் மெண்டல்சன் என்பவர் அதனை மிகக் கடுமையாகத் தாக்கி எழுதினார். பாடல்களில் கற்பனை இல்லை, பாடகர் தேவைக்கு மேல் கத்துகிறார், இதே வேலையை ஜெஃப் பெக்கின் குழு முன்னரே செய்துவிட்டது என்பவை அவருடைய குறைகள். அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று நாங்கள் சொல்லமாட்டோம். கத்தல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் விமரிசகர் பலருக்கு இசையைக் கேட்பதற்கு முன்பே ஓர் ஐயம் இருந்தது. அட்லாண்டிக் என்னும் பெரிய இசைத்தட்டு நிறுவனம், இக்குழுவின் ஒரு தட்டுகூட வெளிவராத காலத்திலேயே பெருந்தொகை முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் செய்திருந்தது. 'இது விளம்பரத்தால் ஊதிப் பெருக்கப்பட்ட குழு' என்ற எண்ணம் அதனால் பரவியது.

ரசிகர்களோ விமரிசனத்தைப் பொருட்படுத்தவில்லை. தட்டுகள் விற்றுக்கொண்டே இருந்தன. 1970-இல் வந்த மூன்றாம் தட்டில் மென்மையான நாட்டுப்புறப் பாணிப் பாடல்களைச் சேர்த்தார்கள். உடனே, 'முழக்கம் எங்கே போயிற்று?' என்று பத்திரிகைகள் கேட்டன. ஓங்கி வாசித்தாலும் குற்றம், மெல்ல வாசித்தாலும் குற்றம்! அடுத்த தட்டில் பெயரே போடுவதில்லை, இசையைக் கேட்டுவிட்டு அவர்களே சொல்லட்டும் என்று பேஜ் முடிவு செய்தார். நிறுவனத்தார் எவ்வளவோ மறுத்தும் அவர் இணங்கவில்லை. ஒரு பொருளை யார் தந்தார் என்று பாராமல் அதன் உண்மையைப் பார்க்கவேண்டும் என்று வள்ளுவர் கூறியதை நாம் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குகிறோம். இந்த நால்வர் அதை ஒரு பரீட்சையாகவே வைத்துவிட்டார்கள்.

பெயருக்குப் பதிலாக ஆளுக்கொரு சின்னம் தேர்ந்துகொண்டார்கள். ஜோன்ஸின் சின்னம் மூன்று வளைவுகள் பின்னிய வட்டம். பான்ஹமுடையது ஒன்றுடன் ஒன்று கோத்த மூன்று வளையங்கள். நம் ஆலயங்களில் மூவொரு கடவுளைக் குறிக்கும் அடையாளங்கள் இவற்றைப் போலவே இருப்பதைக் கண்டு வியந்தோம். அவர்கள் அந்தப் பொருளில் வைத்தார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை.

இந்தத் தட்டின் பெரும்பகுதி ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்னும் பழைய கட்டிடத்தில் உருவானது. 1795-இல் ஏழைகளுக்கும் அநாதைகளுக்கும் விடுதியாகக் கட்டப்பட்டது அது. ஒலிப்பதிவுக் கருவிகள் பொருத்திய வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே குளிரில் நடுங்கிக்கொண்டு வாசித்தார்கள். கடைசிப் பாட்டுக்கு டிரம்ஸை உயரமான கூடத்தில், மாடிப்படியின் அடியில் வைத்தார்கள். மைக்குகளை அருகில் வைக்காமல், மேலே படிக்கட்டிலிருந்து தொங்கவிட்டார்கள். நம் பள்ளி மாடிப்படியின் அடியில் யாராவது சாப்பாட்டு டப்பாவைத் தவறவிட்டால் மூன்றாம் மாடிவரை முழங்குமே, அதுதான் தத்துவம். அடித்த ஒலியோடு சுவரில் மோதித் திரும்பும் ஒலியும் சேர்ந்து, ஒரு மனிதர் அடிப்பது ஒரு படையே நடப்பதுபோலக் கேட்கிறது. காதைப் பொத்திய இருவரும் இதைக் கேட்டபோது கையை எடுத்துவிட்டார்கள்.

அந்தப் பாட்டின் கதையையும் சொல்லியாகவேண்டும். 'வென் த லெவி பிரேக்ஸ்' என்பது அதன் பெயர். கரை உடையும்போது என்று பொருள். 1927-இல் அமெரிக்காவில் மிசிசிப்பி ஆறு கரையுடைத்துப் பல லட்சம் மக்களை வீடிழக்கச் செய்தது. அவர்களுள் மிகப் பலர் கறுப்பின உழவர்கள். அத்துயரத்தை 1929-இல் பாட்டாக்கி ஒலிப்பதிவு செய்தவர்கள் கான்சஸ் ஜோ மெக்காய், மெம்ஃபிஸ் மின்னி என்னும் தம்பதியர். நான்காம் தட்டில் மெம்ஃபிஸ் மின்னியின் பெயர் நால்வரின் பெயர்களோடு அச்சிடப்பட்டிருக்கிறது. முதலில் அதைப் பாடிய அவருடைய கணவரின் பெயர் இல்லை. பிறருடைய பாட்டை எடுத்துக்கொண்டு உரியவருக்குப் பெயர் தராத குற்றச்சாட்டு இக்குழுவின் மேல் பலமுறை எழுந்ததுண்டு. முதல் தட்டின் சில பாடல்களுக்கு உரியவர் பெயரைப் பல ஆண்டுகள் கழித்தே சேர்த்தார்கள். விமரிசகர் சொன்ன குறைகளிலெல்லாம் எங்கள் மனத்தில் தைத்தது இது ஒன்றுதான். தங்கள் பெயரைத் தாங்களாகவே மறைப்பது பெருந்தன்மை. அடுத்தவர் பெயரை மறைப்பது அப்படி அல்லவே!

நான்கு ஆண்கள் செய்த இத்தட்டில் இன்னொரு பெண்ணும் இருக்கிறார். 'த பேட்டில் ஆஃப் எவர்மோர்' என்ற பாட்டில் பிளாண்டுடன் சேர்ந்து பாடும் சாண்டி டென்னி. அவருக்கும் மூன்று முக்கோணங்களாலான ஒரு சின்னம் கொடுத்திருக்கிறார்கள். அப்பாட்டில் வரும் சில சொற்கள் டோல்கீன் எழுதிய மோதிரக் கதையிலிருந்து எடுத்தவை. டோல்கீன் ஆழ்ந்த பக்தியுள்ள கத்தோலிக்கர் என்பதைச் சித்தப்பாவிடம் சொன்னோம். அவர் நம்பவில்லை.

இனி எல்லாரும் எதிர்பார்க்கும் பாட்டுக்கு வருவோம். 'ஸ்டேர்வே டு ஹெவன்', அதாவது விண்ணகத்துக்குப் படிக்கட்டு. எட்டு நிமிடம் ஓடும் இப்பாட்டு ஒற்றைக் கிட்டாரிலும் ரெக்கார்டர் குழலிலும் மெதுவாகத் தொடங்குகிறது. டிரம்ஸ் பாதிவழியில்தான் நுழைகிறது. பிறகு கொஞ்சங் கொஞ்சமாக வேகமும் ஓசையும் ஏறி, உச்சிக்குப் போய், கடைசி அடியைப் பாடகர் தனியே பாட முடிகிறது. பணத்தால் விண்ணகத்தையே வாங்கிவிடலாம் என்று எண்ணும் ஒரு சீமாட்டியைப் பற்றிய பாட்டு இது. யாக்கோபு கனவில் கண்ட ஏணி விலைக்கு வந்ததல்லவே என்று எங்களுக்குத் தோன்றிற்று. பிளாண்ட் ஹெட்லி கிரேஞ்சில் கணப்பருகே உட்கார்ந்து இதன் பெரும்பகுதியை ஒரே மூச்சில் எழுதினாராம்.

இந்தப் பாட்டின் மேல்தான் பிசாசுக் குற்றச்சாட்டு விழுந்தது. 1982-இல் அமெரிக்கக் கிறிஸ்தவத் தொலைக்காட்சியில் ஒருவர், தட்டைப் பின்னோக்கிச் சுழற்றினால் சாத்தானைப் புகழும் சொற்கள் கேட்கின்றன என்றார். அதே ஆண்டில் கலிபோர்னியா சட்டமன்றக் குழு ஒன்றின் முன்னால் பாட்டைப் பின்னோக்கிப் போட்டுக் காட்டினார்கள். இந்தச் சந்தேகம் அடியோடு ஆகாயத்திலிருந்து வந்ததன்று. மந்திர வித்தை பற்றி எழுதிய அலெய்ஸ்டர் கிரௌலி என்பவருடைய நூல்களைப் பேஜ் தேடித் தேடிச் சேர்த்தவர். அவர் வாழ்ந்த வீட்டையே விலைக்கு வாங்கியவர். அந்தப் பழக்கத்தை நாங்கள் ஆதரிக்கவில்லை. ஆனால் கேள்வி பாட்டைப் பற்றியது.

கனடாவின் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலார் ஜான் வோக்கி, டான் ரீட் இருவரும் இதைச் சோதித்து 1985-இல் வெளியிட்டார்கள். அவர்கள் பின்னோக்கிச் சுழற்றிய பகுதிகளில் ஒன்று, நல்ல ஆயனைப் பற்றிய 23-ஆம் சங்கீதம்! பின்னோக்கிக் கேட்டவர்களால், எது பக்திப் பகுதி, எது குழந்தைப் பாட்டு, எது சாத்தானைப் பற்றியது என்று குருட்டாம்போக்கில் சொல்வதைவிடச் சரியாகச் சொல்ல முடியவில்லை. 'இன்ன சொல் வரும், கவனியுங்கள்' என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டாலோ, பெரும்பாலோருக்கு அந்தச் சொல் கேட்டுவிட்டது. ஓடும் மேகத்தைக் காட்டி யானை என்று ஒருத்தி சொன்னால் மற்றவர்களுக்கும் தும்பிக்கை தெரிவதில்லையா? நம் காதும் அப்படித்தான். கேட்பதற்கு முன் யார் என்ன சொல்லி வைத்தார்கள் என்பதைப் பொறுத்துக் கேட்கிறது. 1969-இன் விமரிசகர்களுக்கு 'விளம்பரக் குழு' என்ற சொல் முதலில் காதில் விழுந்திருந்தது.

பெயரை மறைத்த பரீட்சையில் விமரிசகர்கள் தேறினார்களா? ஓரளவு தேறினார்கள் என்றே சொல்லவேண்டும். முதல் தட்டைத் தூற்றிய அதே 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையில் லென்னி கே என்பவர், நான்காம் தட்டில் நுட்பமும் பலவகைச் சுவையும் இருப்பதாகப் பாராட்டி எழுதினார். உலகின் மிகச் சிறந்த 500 தட்டுகளென்று அப்பத்திரிகை 2003-இல் ஒரு பட்டியல் வெளியிட்டபோது இது 66-ஆம் இடம் பெற்றது. 2020-இல் 58-ஆம் இடத்துக்கு உயர்ந்தது. பெயர் மறைந்தே இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். யாருடைய தட்டு என்பது முதல் நாளே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

ரசிகர்களும் ஒரே கருத்தினர் அல்லர். 'ஸ்டேர்வே'யைவிடச் சிறந்த பாட்டு உலகில் இல்லை என்று சிலர். வானொலியில் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது என்று சிலர். அந்தச் சலித்தவர்களுள் பிளாண்டும் ஒருவர் என்பதுதான் வேடிக்கை! குழு 1980-இல் பான்ஹமின் மரணத்தோடு கலைந்த பிறகு, அவர் அதைப் பாட வெகுவாகத் தயங்கினார். ஆனால் 2012-இல் வாஷிங்டனில் கென்னடி மையத்தில் நடந்த பாராட்டு விழாவில், ஹார்ட் என்னும் குழுவின் சகோதரியர் இருவர் பெரிய பாடகர் குழுவுடன் இதைப் பாடினார்கள். டிரம்ஸ் வாசித்தவர் பான்ஹமின் மகன் ஜேசன். கேட்டுக்கொண்டிருந்த பிளாண்டின் கண்கள் கலங்கிவிட்டன.

உறையிலிருக்கும் சுள்ளி முதியவருக்கும் ஒரு பெயர் உண்டு. படத்தை ஒரு பழம்பொருள் கடையில் கண்டெடுத்தவர் பிளாண்ட். அது ஓவியம் என்றே ஐம்பது ஆண்டுகளாக எண்ணியிருந்தார்கள். 2023-இல் பிரையன் எட்வர்ட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு பழைய ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அசல் புகைப்படம் அகப்பட்டது. 1892-இல் எடுத்தது, நமக்குத் தெரிவது அதற்கு வண்ணம் பூசிய பிரதி. முதியவர் லாட் லாங். வில்ட்ஷயரில் மியர் என்னும் ஊரைச் சேர்ந்தவர். கூரை வேய்வது தொழில். படம் எடுத்த மறு ஆண்டே இறந்துபோனார்.

பின்குறிப்பு ஒன்று. மென்மையான பாட்டு ஏதாவது உண்டா என்று சித்தப்பா ஒருநாள் தாமாகவே கேட்டார். 'கோயிங் டு கலிபோர்னியா'வைப் போட்டோம். டிரம்ஸே இல்லாத பாட்டு அது. கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். "மாண்டலின் யார் வாசிக்கிறது?" என்றார். ஜான் பால் ஜோன்ஸ் என்றோம். "இன்னொரு தடவை போடுங்கள்" என்றார்.