அடையாளத் திருட்டு

அடையாளத் திருட்டு என்பது ஒருவருடைய பெயர், ஒளிப்படம், கைரேகை, கையொப்பம், கடவுச்சொல், அடையாள எண் போன்றவற்றை அவர் அறியாமல் பயன்படுத்தி, அவராகவே நடித்துப் பணமோ வேறு பயனோ பெறும் குற்றமாகும். பொருள் திருடப்பட்டால் அது இல்லாமை உடனே தெரியும். அடையாளம் திருடப்பட்டாலோ அது உரியவரிடமே இருக்கும். அதன் படி மட்டும் வேறொருவர் கையில் இயங்கும். வாங்காத கடனுக்கு அறிவிப்பு வரும்போதே பலர் இதனை அறிகின்றனர். அதன்பின், அதைச் செய்தவர் தாம் அல்லர் என்று நிறுவும் சுமையும் பெரும்பாலும் அவர்கள் மீதே விழுகிறது.

ஆள்மாறாட்டமும் அடையாளத் திருட்டும்

ஆள்மாறாட்டம் கணினிக்கு முற்பட்டது. கள்ள வாக்கு இதற்கு எடுத்துக்காட்டு. தமது வாக்கை வேறொருவர் முன்னரே அளித்துவிட்டதை வாக்குச்சாவடியில் அறியும் வாக்காளர், தம் அடையாளத்தை மெய்ப்பித்துத் தனி வாக்குச்சீட்டில் வாக்களிக்க 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளின் 49பி விதி வழிசெய்கிறது.

அடையாளத்துக்கு உரியவரே உடன்பட்டு ஆள்மாறாட்டம் நிகழ்வதும் உண்டு. ஆண்டிப்பட்டி அருகே க. விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரியில், 2019 செப்டம்பரில், முதலாமாண்டு மாணவர் ஒருவருக்காக வேறொருவர் நீட் தேர்வை எழுதியதாகப் புகார் எழுந்தது. கல்லூரிக்கு வந்த மின்னஞ்சலைத் தொடர்ந்து, தேர்வு ஆவணத்தில் இருந்த ஒளிப்படம் மாணவரின் தோற்றத்தோடு ஒப்பிடப்பட்டது. வழக்கு சி.பி.சி.ஐ.டி. பிரிவுக்கு மாற்றப்பட்டது. மாணவரும் அவருடைய தந்தையும், பின்னர் வேறு சில மருத்துவக் கல்லூரி மாணவர்களும் கைது செய்யப்பட்டனர். ஆவணம் இருப்பது மட்டும் போதாது, அதனை ஆளோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே அது சான்றாகும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

திருடப்படும் வழிகள்

ஒளிநகல்: கடன், தங்கும் விடுதி என எதற்கும் ஆதார் நகல் கொடுக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. எதற்காகக் கொடுத்தது என்று குறிக்கப்படாத நகலை வேறு எதற்கும் பயன்படுத்தலாம்.

கைரேகை: கடவுச்சொல்லை மாற்றலாம், கைரேகையை மாற்ற இயலாது. பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த கைரேகைகளைப் பிரதியெடுத்துச் சிம் அட்டைகளை இயக்கிய மோசடி 2018இல் தெலங்கானாவில் வெளிப்பட்டது.

சிம் மாற்றம்: மோசடி செய்பவர் உரியவராக நடித்து, அதே எண்ணுக்கு மாற்றுச் சிம் அட்டை பெறுகிறார். உரியவரின் கைப்பேசி செயலிழக்கும். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் மோசடி செய்பவருக்குச் செல்லும். கைப்பேசியில் திடீரெனச் சமிக்ஞை அறுவதே இதன் முதல் அறிகுறி. மேகமலை போன்ற மலைப்பகுதிகளில் பல இடங்களில் சமிக்ஞை கிடைக்காது என்பதால் இவ்வறிகுறியை எளிதில் பிரித்தறிய இயலாது. சின்னமனூருக்கு இறங்கி வந்த பின்னும் சமிக்ஞை வராவிடில், அருகிலுள்ள பிறரின் கைப்பேசிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, உடனே சேவை நிறுவனத்தையும் வங்கியையும் அணுகவேண்டும்.

சட்டம்

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இல், 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் 66சி பிரிவு சேர்க்கப்பட்டது. பிறருடைய மின்கையொப்பம், கடவுச்சொல் அல்லது தனித்த அடையாளக் கூற்றை மோசடியாகப் பயன்படுத்துவோருக்கு இப்பிரிவு 3 ஆண்டுகள் வரை சிறையும் 1 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. கணினி வழி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதை 66டி பிரிவு தண்டிக்கிறது. 2024 சூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்கிதாவின் 319ஆம் பிரிவும் ஆள்மாறாட்ட ஏமாற்றைக் குற்றமாக்குகிறது.

தற்காப்பு

* ஆதார் நகலில் எதற்காக, யாரிடம், எந்நாளில் கொடுக்கப்பட்டது என்பதை எழுத்துகளின் குறுக்கே எழுதுக. இயன்றவிடத்து, முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுக்க.
* ஆதார் ஆணையத்தின் செயலி அல்லது தளம் வழியாகக் கைரேகையைப் பூட்டி வைக்கலாம். தேவைப்படும்போது மட்டும் திறக்கலாம்.
* தம் பெயரில் எத்தனை கைப்பேசி இணைப்புகள் உள்ளன என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்து, அறியாத இணைப்பைப் புகார் செய்யலாம்.
* கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். வாங்காத கடன் அதில் உள்ளதா எனப் பார்க்கவும்.
* ஒருமுறைக் கடவுச்சொல்லை வங்கி ஊழியர் என்பவர் உட்பட எவரிடமும் கூறலாகாது.

நிகழ்ந்த பின் செய்யவேண்டியவை

முதலில் வங்கிக்கு அறிவித்துக் கணக்கை முடக்கவேண்டும். அடுத்து, 1930 என்ற எண்ணிலோ தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலோ பதிவு செய்யவேண்டும். திருடப்பட்ட பணம் கணக்குகள் பலவற்றுக்கு மாறி வெளியேறுமுன் அதனைத் தடுத்து நிறுத்த விரைவு இன்றியமையாதது. புகார் எண்ணையும், வங்கியுடனான எழுத்துவழித் தொடர்புகளையும் நாள் குறித்துப் பாதுகாக்கவேண்டும். தமது அடையாளத்தை மீட்கப் பாதிக்கப்பட்டவரிடம் உள்ள சான்றுகள் இவையே.