பின்னிருக்கையில் அமர்பவரை எண்ணிக் கார் வாங்குவோம்

வீட்டில் ஒருவருக்கு நீண்டகால நோய் வந்த பிறகே பல குடும்பங்கள் கார் வாங்குவதைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்குகின்றன. டயாலிசிஸுக்கு வாரம் இருமுறையோ மும்முறையோ செல்ல வேண்டியிருக்கும். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட தாயாரால் பேருந்தின் படி ஏற இயலாது. ஆகவே, "எந்தக் கார் வாங்கலாம், டாக்டர்?" என்னும் வினா எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்குப் புதிதன்று. விலையையும் மைலேஜையும் விற்பனையாளர் நன்றாகவே எடுத்துரைப்பார். அந்த வண்டியில் பயணம் செய்யப்போகும் உடலைப் பற்றிக் கூறுவது மருத்துவர்களாகிய எங்கள் கடமை.

மரியாதைக்குரிய இடம், காப்பற்ற இடம்

முதியவர், கர்ப்பிணி, குழந்தை ஆகியோரைப் பின்னிருக்கையில் அமர்த்துவது நம் வழக்கம். அது சரியான வழக்கமே. ஆனால் அங்குள்ள சீட் பெல்ட்டுகள் பல வண்டிகளில் இருக்கை உறைக்கு அடியில் புதைந்து கிடக்கின்றன. முன்னால் இருப்பவர் காவல்துறைக்கு அஞ்சியேனும் பெல்ட் அணிகிறார்; நாம் மிகவும் போற்றுகின்றவர்களோ எந்தக் காப்புமின்றிப் பின்னால் அமர்கின்றனர்.

2022 செப்டம்பர் 4 அன்று, டாட்டா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி சென்ற கார் மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் பாலத் தடுப்பில் மோதியது. முன்னிருக்கையில் இருந்த இருவர் காயங்களுடன் பிழைத்தனர். பின்னிருக்கையில் பெல்ட் அணியாதிருந்த அவரும் உடன் வந்தவரும் உயிரிழந்தனர். அது விலையுயர்ந்த, பாதுகாப்புக்குப் பெயர்பெற்ற வண்டி என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் மோதி நின்றாலும், பெல்ட் அணியாதவரின் உடல் அதே வேகத்தில் முன்னோக்கிப் பாய்கிறது. அந்தத் தாக்கம் ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பானது. அவர் தம்மை மட்டுமன்றி, முன்னிருப்பவரையும் நசுக்குகிறார். தாயின் மடியும் காப்பாகாது. அவ்வேகத்தில் 10 கிலோ குழந்தையை எவராலும் கையால் பிடித்து நிறுத்த இயலாது. பின்னிருக்கையிலும் பெல்ட் அணிவது கட்டாயம் என்பது சட்டம். மீறினால் அபராதம் 1,000 ரூபாய்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

2023 அக்டோபர் 1 முதல் நம் நாட்டில் 'பாரத் என்கேப்' என்னும் மோதல் பரிசோதனை முறை நடைமுறையில் உள்ளது. முன்புற மோதல் 64 கிலோமீட்டர் வேகத்தில் சோதிக்கப்படுகிறது. பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனியே ஐந்து வரை நட்சத்திரங்கள் வழங்கப்படுகின்றன. இரண்டையும் கேட்டறியுங்கள். இச்சோதனை கட்டாயமன்று என்பதால், தாங்கள் வாங்கும் மாடல் சோதிக்கப்பட்டதா என்பதையும் கேளுங்கள்.

அடுத்து, நோயாளியையும் ஷோரூமுக்கு அழைத்துச் சென்று பின்னிருக்கையில் அமர்த்திப் பாருங்கள். இருக்கை மிகத் தாழ்வாக இருந்தால் மூட்டு வலி உள்ளவர் எழ இயலாது. மிக உயரமாக இருந்தால் ஏற இயலாது. கதவு அகலமாகத் திறக்க வேண்டும். நடு இருக்கை உட்பட எல்லா இடங்களிலும் தோளையும் இடுப்பையும் பிணைக்கும் மூன்று முனை பெல்ட் இருத்தல் நன்று. கைக்குழந்தை இருந்தால், குழந்தை இருக்கையைப் பொருத்தும் 'ஐசோஃபிக்ஸ்' கொக்கிகள் உள்ளனவா என்று பாருங்கள். சக்கர நாற்காலியை மடித்து டிக்கியில் வைத்துப் பாருங்கள். சிஎன்ஜி வண்டிகள் பலவற்றில் சிலிண்டரே அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். பக்கவாட்டு ஏர்பேக் இருக்கையினுள் இருந்தால், வெளியில் தைத்த உறை அது விரிவதைத் தடுக்கக்கூடும்.

நாள்தோறும் செல்லும் சாலை

வாலாஜாபேட்டை வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 48, சென்னைத் துறைமுகத்துக்கும் பெங்களூருவுக்கும் ஓடும் கண்டெய்னர் லாரிகளுக்கு மட்டும் உரியதன்று. இராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர்ப் பகுதித் தோல், காலணித் தொழிற்சாலைகளுக்கு ஷிப்டுக்குச் செல்வோரின் சாலையும் அதுவே. எதிர்த்திசையில் வரும் இருசக்கர வாகனம், பின்விளக்கில்லாத டிராக்டர், ஓரத்தில் நிறுத்திய லாரி, மார்கழி மாத விடியற்காலைப் பனிமூட்டம் ஆகியவை நமக்குப் பழகிப்போனவை. பழக்கமே கவனத்தைக் குறைக்கிறது.

80 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்கவே ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். அதன்பின் உலர்ந்த சாலையிலும் வண்டி நிற்க 35 மீட்டர் வேண்டும். இரவில் டிம் விளக்கொளியில் அவ்வளவு தூரம் தெளிவாகத் தெரிவது அரிது. 60 கிலோமீட்டர் வேகத்தில் மொத்தத் தூரம் 40 மீட்டருக்குள் அடங்கிவிடும்.

ஓட்டுபவரின் உடல்நிலை

நோயாளியுடன் இரவு முழுவதும் விழித்திருந்தவர், காலையில் அவரை அழைத்துக்கொண்டு தாமே வண்டியோட்டிச் செல்வதை அடிக்கடி காண்கிறோம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது. நம் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03 சதவீதமே. டிஸ்சார்ஜ் நாளன்று, முந்தைய இரவு உறங்கிய ஒருவரை வரவழைத்து ஓட்டச் செய்யுங்கள்.

இன்சுலின் அல்லது சர்க்கரையை வெகுவாகத் தாழ்த்தும் மாத்திரை எடுத்துக்கொள்வோர் புறப்படுமுன் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். அது 90க்குக் கீழே இருந்தால் முதலில் சிற்றுண்டி. 70க்குக் கீழே இறங்கியிருந்தால் சர்க்கரை உட்கொண்டு, அளவு இயல்புக்குத் திரும்பிய பின்னும் 45 நிமிடங்கள் ஓட்டலாகாது. சளிக்கும் அரிப்புக்கும் தரப்படும் மாத்திரைகள் சில உறக்கம் தருவன. மயக்க மருந்து பெற்றவர் 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது. கண்புரை உள்ளவர் இரவில் ஓட்டுவதைத் தவிர்க்க வேண்டும்.

நோயாளிகளுக்குச் சில குறிப்புகள்

கர்ப்பிணிகள் இடுப்புப் பட்டையை வயிற்றின் மேல் அல்லாது அதற்குக் கீழே இடுப்பெலும்பின் மீதும், தோள்பட்டையை மார்பகங்களுக்கு நடுவிலும் அமைத்துக்கொள்ள வேண்டும். திறந்த இருதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் மருத்துவர் அனுமதிக்கும் வரை ஓட்டாமல், பின்னிருக்கையில் பெல்ட் அணிந்து பயணிக்க வேண்டும். இரத்தம் உறையாமைக்கு மருந்து உட்கொள்வோர், சிறு மோதலில் தலை இடிபட்டாலும் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். உட்கார இயலாத நோயாளியை மடியில் கிடத்தி அழைத்து வராதீர்கள். 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

புதிய கார் வாங்கும் வசதி எல்லோருக்கும் இல்லை. ஆயினும் இருக்கும் காரின் பின்னிருக்கை உறையை நீக்கி, பெல்ட்டுகளை வெளியே எடுத்து, கொக்கி சரியாகப் பூட்டிக்கொள்கிறதா என்று பார்க்கப் பத்து நிமிடங்கள் போதும். அடுத்த முறை மருத்துவமனைக்குப் புறப்படுமுன் அதைச் செய்துவிடுங்கள்.