எழுதி முடிக்க ஒரு துணை

ஆராய்ச்சிப் பட்டத்திற்கென்று ஐந்தாறு வருஷம் உழைத்து, சோதனைகளையெல்லாம் முடித்துவிட்டு, எழுதும் வேலை ஒன்றே பாக்கியாக நிற்கும் வாலிபர்கள் நமது சர்வகலாசாலைகளில் அனேகர் இருக்கின்றனர். அவர்களைச் சோம்பேறிகள் என்று பெரியோர் ஏசுவது வழக்கம். நாம் அதை ஒப்பவில்லை. எழுதியதை இன்ன தேதியில் கொண்டு வா என்று கேட்பார் இல்லாததே குறை என்பது நமது அபிப்பிராயம்.

இதற்கு நியூட்டனைக் காட்டிலும் மேலான சாட்சி வேண்டுவதில்லை. 1684-ம் வருஷ ஆரம்பத்தில் லண்டனில் ஹாலி, ரென், ஹூக் என்னும் மூன்று அறிஞர்கள் கூடிக் கிரகங்களின் இயக்கத்தைப் பற்றி விவாதித்தனர். நிரூபணத்தை 2 மாதத்திற்குள் கொண்டு வருவோருக்கு 40 ஷில்லிங் பெறுமான புத்தகம் பரிசளிப்பதாக ரென் கூறினார். நிரூபணம் தம்மிடம் இருப்பதாகவும், சிறிது காலம் அதை மறைத்து வைக்கப் போவதாகவும் ஹூக் சொன்னார். தவணை கழிந்தது, காகிதம் வரவில்லை.

அவ்வருஷம் ஆகஸ்டில் ஹாலி கேம்பிரிட்ஜ் சென்று நியூட்டனைக் கண்டார். தூரத்தின் வர்க்கத்திற்கு எதிர்விகிதமாகக் குறையும் ஆகர்ஷணத்தால் கிரகம் எவ்வழி செல்லும் என்று கேட்டார். நீள்வட்டம் என்று உடனே பதில் வந்தது. கணக்குப் போட்டதாகச் சொன்ன நியூட்டனுக்கோ அந்தக் காகிதம் அகப்படவில்லை! வேறொருவராயின் வணக்கம் கூறித் திரும்பியிருப்பார். ஹாலியோ, மறுபடி எழுதி அனுப்புவதாக வாக்குறுதி பெற்றே திரும்பினார். நவம்பரில் 9 பக்கம் வந்து சேர்ந்தது. அத்துடன் விட்டாரா? மீண்டும் கேம்பிரிட்ஜ் போனார்; டிசம்பரில் ராயல் சொஸைட்டியில் விஷயத்தை அறிவித்தார். 1686-ல் முதற் பாகம் வந்தது. ஹூக் உரிமை கொண்டாடவே, கோபங்கொண்ட நியூட்டன் மூன்றாம் பாகத்தை வெளியிடப் போவதேயில்லை என்றார். ஹாலி நயமாகக் கடிதம் எழுதிச் சாந்தப்படுத்தினார். மீன்களைப் பற்றிய பெரும் புத்தகமொன்றை அச்சிட்டுப் பணத்தைச் செலவழித்திருந்த சொஸைட்டி கையை விரித்தது. ஹாலி தம் கைப்பணத்தைப் போட்டார். (அங்கே குமாஸ்தாவாயிருந்த அவருக்குச் சம்பளமாக வந்தவை விலைபோகாத அந்த மீன் புத்தகங்களே!) 1687 ஜூலையில் 'பிரின்ஸிபியா' வெளிவந்தது.

ஹாலி நியூட்டனுக்கு மேலதிகாரி அல்லர்; ஏறத்தாழ 14 வயது இளையவர். அதனாலேயே காரியம் பலித்ததென்று கருதுகிறோம். மேற்பார்வை செய்யும் ஆசிரியரிடம் அரைகுறைப் பக்கத்தைக் காட்ட மாணவன் அஞ்சுவான். ஒத்த நண்பனிடம் அஞ்சான். இக்காலத்து மேனாட்டு ஆராய்ச்சியாளர் சிலர் இருவர் இருவராகச் சேர்ந்து, வாரம் ஒரு நாள் குறித்து, எழுதியதைக் காட்டி, அடுத்த வாரத்திற்கு எவ்வளவு என்று சொல்லிப் பிரிகின்றனர். துணைவர் அதே சாஸ்திரத்தில் வல்லவராயிருக்க வேண்டுமென்பதில்லை. பக்கம் எங்கே என்று கேட்கத் தெரிந்தால் போதும். பரவாயில்லை, பிறகு பார்க்கலாம் என்று சொல்லும் தாட்சண்யக்காரர் மட்டும் உதவார்.

இதற்குச் சர்க்கார் உத்தரவு வேண்டாம், மானியமும் வேண்டாம். ஆராய்ச்சி மாணவர் விடுதிகளில் இந்த வாரமே தொடங்கலாம்.