தெளுவு

தெளுவு என்பது பனை அல்லது தென்னையின் பாளையைச் சீவிப் பெறப்படும் நொதிக்காத இனிப்புச் சாறு. தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் பதநீர் எனப்படும் இது கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் தெளுவு என்றே பேச்சில் வழங்குகிறது. தெளிந்த சாறு என்ற பொருளில் வந்த பெயராகக் கொள்ளலாம். கலயத்தில் சுண்ணாம்பு தடவாமல் இறக்கினால் இதே சாறு சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். தெளுவு குடிப்பதற்குத் தமிழ்நாட்டில் தடையில்லை. கள் இறக்குவது 1987 முதல் குற்றம். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே ஆள். நடுவில் இருப்பது ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பும் சில மணி நேரமும்தான். கொங்கு நாட்டில் தெளுவைப் பற்றிய பேச்சு எப்போதும் கள்ளில் போய் முடிவதற்கு இதுவே காரணம்.

மரமும் பருவமும்

சத்தியமங்கலம் வட்டாரத்தில் இரண்டு மரங்களும் உண்டு. பவானி ஆற்றிலும் கொடிவேரி அணையிலிருந்து பிரியும் வாய்க்கால்களிலும் நீர் பாயும் நிலங்களில் தென்னந்தோப்புகள் இருக்கின்றன. வானம் பார்த்த மேட்டாங்காடுகளின் வரப்பிலும் ஓடைக்கரையிலும் பனை நிற்கிறது. தெற்கே காங்கேயம், தாராபுரம் பக்கம் பனை மிகுதி. பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை பக்கம் தென்னை மிகுதி.

பனை பாளை விடுவதற்கு ஏறத்தாழ 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். ஆண்பனை, பெண்பனை இரண்டிலும் சாறு இறங்கும். தை மாதத்தையொட்டித் தொடங்கும் பனைப் பருவம் கோடை முடிவு வரை நீடிக்கும். தென்னைக்கு இப்படிப் பருவம் கிடையாது. மாதந்தோறும் புதிய பாளை வருவதால் ஆண்டு முழுவதும் இறக்கலாம். ஆனால் சாறு இறக்கும் பாளையில் தேங்காய் பிடிக்காது. ஆகவே எந்த மரத்தைக் காய்க்கு விடுவது, எதைச் சாறுக்கு விடுவது என்பது தோப்புக்காரர் கணக்குப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு.

இறக்கும் முறை

தென்னையில் விரியாத பாளையைக் கயிற்றால் இறுகக் கட்டி, சிறு கட்டையால் பல நாள் பதமாகத் தட்டுவார்கள். பலமாகத் தட்டினால் பாளை வெடித்து வீணாகும். மெதுவாகத் தட்டினால் சாறு ஊறாது. பனையில் பாளையை மர இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்துவது வழக்கம். பிறகு நுனியை மெல்லிய வில்லையாகச் சீவிவிட்டு மண்கலயத்தைக் கட்டுவார்கள். வெட்டுவாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும் என்பதால் தினமும் காலையும் மாலையும் ஏறிச் சீவ வேண்டும். ஒரு நாள் தவறினால் அந்தப் பாளையே போய்விடலாம். இதனால் பருவ காலத்தில் மரமேறிக்கு விடுப்பு என்பதே இல்லை. காய்ச்சலாக இருந்தாலும், வீட்டில் சாவு விழுந்தாலும் யாராவது ஒருவர் ஏறியாக வேண்டும்.

நல்ல தென்னை ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லிட்டர் சாறு தரும். அதில் 10 முதல் 15 விழுக்காடு சர்க்கரை. அதனால் ஒரு கிலோ கருப்பட்டி காய்ச்ச ஏறத்தாழ 8 முதல் 10 லிட்டர் தெளுவு தேவைப்படும். அதைக் காய்ச்சுவதற்கான விறகும் அடுப்படியில் நிற்கும் நேரமும் தனி. காய்ச்சும் வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்களுடையது. விலை பேசும்போது இது பெரும்பாலும் கணக்கில் வருவதில்லை.

தெளுவும் கள்ளும்

பாளையிலிருந்து சொட்டும் சாறு இனிப்பாக இருக்கும். காற்றிலும் கலயத்தின் சுவரிலும் பாளையின் மேற்பரப்பிலும் உள்ள ஈஸ்ட்டும் பாக்டீரியாக்களும் உடனே அதில் வேலையைத் தொடங்கிவிடும். பாக்டீரியாக்கள் சாற்றைப் புளிப்பாக்குகின்றன. ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. வெயில் நாளில் காலையில் இனித்த சாறு மதியத்துக்குள் நுரைத்துக் கடுக்கத் தொடங்கும். அப்போது ஆல்கஹால் ஏறத்தாழ 4 முதல் 5 விழுக்காடு. சாதாரண பீர் அளவு. மறுநாள் வரை விட்டால் அசிட்டிக் அமிலம் உண்டாகி, சாறு காடியாக மாறும்.

சுண்ணாம்பு இந்த ஓட்டத்தை நிறுத்துகிறது. கலயத்தின் உட்புறத்தில் தடவிய சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மையுடையதாக்குவதால் நுண்ணுயிர்கள் பெருக முடியாமல் போகிறது. சர்க்கரையும் சிதையாமல் இருப்பதால் கருப்பட்டி கட்டியாகிறது. சுண்ணாம்பு குறைந்த தெளுவைக் காய்ச்சினால் பாகுதான் மிஞ்சும்.

சுவைத்து அறிதல்

திராட்சை மதுவைச் சுவைத்துப் பிரித்தறிய அயல்நாடுகளில் பயிற்சி வகுப்புகளே நடக்கின்றன. தெளுவுக்கு அப்படி ஒன்றுமில்லை. ஆனாலும் பழகிய நாக்குக்கு ஒரு மடக்கிலேயே பல செய்திகள் தெரியும்.

முதலில் நிறம். நல்ல தெளுவு சற்றே மங்கிய, ஏறக்குறையத் தெளிந்த நீராக இருக்கும். அடியில் சுண்ணாம்பு வண்டல் தங்கியிருக்கும். கள் பால்போல் வெளுத்து, விளிம்பில் நுரை கட்டியிருக்கும். அடுத்து மணம். தெளுவில் பச்சைப் பாளையின் வாசமும் மண்கலயத்தின் வாசமும் வரும். புளித்த மாவின் வாடை வந்தால் நொதித்தல் தொடங்கிவிட்டது என்று பொருள். நாக்கில் ஊசி குத்துவதுபோல் சுருக்கென்றால் அது கரியமில வாயு. மாறாக நாக்கு எரிந்து தோல் உரிவதுபோல் இருந்தால் சுண்ணாம்பு மிஞ்சிவிட்டது. அப்படிப்பட்ட தெளுவைச் சற்று நேரம் தெளியவிட்டு, மேலாக வடித்துக் குடிப்பது வழக்கம்.

இனிப்பிலும் வேறுபாடு உண்டு. பனைத் தெளுவின் இனிப்பு கனமானது, அடியில் லேசான புகை மணம் இருக்கும். தென்னைத் தெளுவு இலேசானது. சாக்கரின் கரைத்த நீரைக் கலந்து விற்பதும் உண்டு. அதன் இனிப்பு விழுங்கிய பிறகும் நாக்கின் பின்புறத்தில் கசப்போடு தங்கிவிடும். உண்மையான தெளுவின் இனிப்பு உடனே கரைந்துபோகும்.

கொங்கு நாட்டுச் சாலையோரங்களில் காலை வேளையில் மரத்தடியிலோ மிதிவண்டியிலோ வைத்துத் தெளுவு விற்கப்படுகிறது. பனையோலையை மடித்துச் செய்த பட்டையில் ஊற்றிக் கொடுப்பது பழைய முறை. கோடையில் நுங்கைச் சீவிப் போட்டுத் தருவார்கள். வெயில் ஏறிய பின் வாங்குவதில் பயனில்லை. பத்து மணிக்கு மேல் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் முந்தைய நாள் சாறு அல்லது சுண்ணாம்பு கூட்டிய சாறு.

தெளுவைச் சர்க்கரை நோயாளிகள் தாராளமாகக் குடிக்கலாம் என்று ஒரு நம்பிக்கை பரவலாக உள்ளது. இது சரியல்ல. 250 மில்லி தெளுவில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. இயற்கையானது என்பதால் அந்த அளவு குறைந்துவிடாது.

மதுவிலக்கும் கள்ளுக்கடையும்

ஆங்கிலேயர் ஆட்சியில் கள்ளும் சாராயமும் அரசுக்குப் பெரும் வருவாய் தந்தன. 1886-ஆம் ஆண்டின் சென்னை அப்காரிச் சட்டத்தின் கீழ் மரத்துக்கு வரியும் கடைக்கு ஏலமும் நடந்தன. அப்போது சத்தியமங்கலம் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது.

இந்த வருவாய்க்கு எதிரான பெரும் போராட்டமும் கொங்கு மண்ணில்தான் நடந்தது. 1921-இல் ஒத்துழையாமை இயக்கத்தின்போது ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடைபெற்றது. அப்போது காங்கிரசில் இருந்த ஈ. வெ. ராமசாமி தம் குடும்பத் தோப்பிலிருந்த தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். அவருடைய மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலை முன்னின்று நடத்தினர். பெண்கள் இப்படித் தெருவில் இறங்கியது அன்று நாடு முழுவதும் பேசப்பட்டது.

1937-இல் ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு சேலம் மாவட்டத்தில் அக்டோபர் 1 முதல் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தியது. வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939-இல் கொண்டுவரப்பட்டதே விற்பனை வரி. இன்று கடையில் கட்டும் வரியின் முன்னோடி ஒரு வகையில் கள்ளுக்கலயத்தில் பிறந்தது எனலாம். 1948-க்குள் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு பரவியது.

பிறகு திறப்பதும் மூடுவதுமாகக் காலம் சென்றது. 1971-இல் மு. கருணாநிதி அரசு மதுவிலக்கை ஒத்திவைத்தது. 1973-இல் கள்ளுக்கடைகளும் 1974-இல் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. 1981-இல் எம். ஜி. இராமச்சந்திரன் அரசு மீண்டும் திறந்தது. 1983-இல் மது மொத்த வணிகத்துக்காக டாஸ்மாக் நிறுவப்பட்டது. 1987 தொடக்கத்தில் கள் தடை செய்யப்பட்டது. 2003-இல் சில்லறை மது விற்பனையும் டாஸ்மாக் வசம் சென்றது. இன்று சத்தியமங்கலத்தில் 40 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் உள்ள பிராந்தி அரசுக் கடையில் கிடைக்கிறது. 5 விழுக்காடு உள்ள உள்ளூர்க் கள் கிடைக்காது.

கள் இயக்கம்

இந்த முரண்பாட்டை முன்வைத்துக் கள்ளுக்கு அனுமதி கேட்போரில் முதன்மையானவர் ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்த செ. நல்லசாமி. அவர் ஒருங்கிணைக்கும் தமிழ்நாடு கள் இயக்கம், கள் போதைப்பொருளன்று, உணவு என வாதிடுகிறது. போதைப் பானங்களைத் தவிர்க்கும்படி அரசுக்கு வழிகாட்டும் அரசியலமைப்பின் 47-ஆவது பிரிவு கள்ளுக்குப் பொருந்தாது என்பது அதன் நிலைப்பாடு. தேங்காய் விலைச் சரிவு, வெள்ளை ஈத் தாக்குதல், வேர் வாடல் நோய் ஆகியவற்றால் அடிபட்ட தென்னை விவசாயிகளிடம் இந்த வாதம் எடுபடுகிறது.

எதிர்வாதமும் வலுவானது. இறக்கிய கள்ளை அப்படியே அடைத்து முத்திரையிடுவது எளிதன்று. குடிக்கும் வரை நொதித்துக்கொண்டே இருக்கும் பானத்தில் எவ்வளவு ஆல்கஹால் என்று யாராலும் உறுதி கூற இயலாது. கலப்படமும் எளிது. 2010 செப்டம்பரில் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் மெத்தனால் கலந்த கள்ளைக் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மறுபுறம், கள்ளுக்குத் தடையுள்ள தமிழ்நாட்டிலேயே 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோர் பலியாயினர். இரு தரப்பும் மற்றவர் பக்கத்துச் சாவுகளைச் சுட்டிக்காட்டுகின்றன.

நடுவில் சிக்கிக்கொள்பவர் மரமேறி. அவர் கலயத்தில் சுண்ணாம்பு போதுமா என்பதைச் சோதனையின்போது முடிவுசெய்வது வேறொருவர். வெயிலில் சற்றுப் புளித்துவிட்ட தெளுவுக்கும் கள்ளுக்கும் வேறுபாடு காட்ட அவரிடம் நாக்கைத் தவிர வேறு கருவி கிடையாது.

எல்லைக்கு அப்பால்

சத்தியமங்கலத்திலிருந்து ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில், வாளையாற்றைக் கடந்தால் கள் சட்டப்படியான பானம். கேரளத்தின் கள்ளு ஷாப்புகளில் மரவள்ளிக் கிழங்கும் மீன்குழம்பும் கள்ளுக்குத் துணை. அங்குள்ள பல மாவட்டங்களின் கடைகளுக்குப் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் பகுதித் தோப்புகளிலிருந்து உரிமத்தின்பேரில் கள் செல்கிறது. பொள்ளாச்சித் தோப்புக்கும் சித்தூர்த் தோப்புக்கும் மண்ணில் பெரிய வேறுபாடு இல்லை. இலங்கையின் யாழ்ப்பாணத்தில் பனங்கள் போத்தலில் அடைத்து விற்கப்படுகிறது.

மெக்சிகோவில் பனைக்குப் பதில் கற்றாழை. மகேய் எனப்படும் பெருங்கற்றாழையின் நடுவைக் குடைந்து ஊறும் இனிப்புச் சாற்றுக்கு அகுவாமியேல் என்று பெயர். ஸ்பானிய மொழியில் தேன்நீர் என்று பொருள். அது நொதித்தால் புல்கே. தெளுவுக்கும் கள்ளுக்கும் உள்ள அதே உறவு. புல்கே விற்கும் பழங்கடைகள் இருபதாம் நூற்றாண்டில் பீரின் போட்டியால் நலிந்தன. ஆனாலும் மெக்சிகோ நகரத்திலும் பிற இடங்களிலும் எஞ்சிய கடைகளுக்கு இன்று இளைஞர்களும் பயணிகளும் தேடிச்சென்று, பழச்சாறு கலந்த புல்கேயைச் சுவைக்கின்றனர்.

நீரா

2017-இல் தமிழ்நாடு அரசு தென்னையிலிருந்து நீரா இறக்க அனுமதிப்பதாக அறிவித்தது. நீரா என்பது சுண்ணாம்புக்குப் பதில் குளிர்ச்சியால் நொதிக்காமல் காக்கப்படும் தென்னைத் தெளுவு. காசர்கோட்டிலுள்ள மத்தியத் தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் பாளையிலேயே பனிக்கட்டிப் பெட்டியைக் கட்டிச் சாறு சேகரிக்கும் முறையை உருவாக்கி, அதற்குக் கல்பரசா எனப் பெயரிட்டது. இதில் சுண்ணாம்பின் காரல் இருக்காது. ஆனால் மரத்திலிருந்து கடை வரை குளிர் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உரிமம் தென்னை உற்பத்தியாளர் நிறுவனங்கள் வழியாகவே கிடைப்பதால், நாலைந்து மரம் வைத்திருப்பவரால் தனியாக இறங்க முடியாது.

பனைக்கு இத்தகைய ஏற்பாடு விரிவாக வரவில்லை. 2021-இல் தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, மாவட்ட ஆட்சியர் அனுமதியின்றிப் பனையை வெட்டக்கூடாது என அறிவித்துப் பனை விதை நடும் திட்டத்தையும் தொடங்கியது. அன்று நட்ட விதை பாளை விடும் பருவத்துக்கு வர 2036-ஐத் தாண்டும். இப்போது ஏறுவோரில் பெரும்பாலானோர் நடுத்தர வயதைக் கடந்தவர்கள்.